அன்றாடப் பயணத்துக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும், உறையிட்டு மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டிதான் பலருடைய நினைவுக்கு வருகிறது. வீட்டில் வேறொரு கார் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். மும்பை செம்பூரில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு நிறுத்துமிடம்தான். இரண்டாவது காரை வாங்கப் பணம் இருந்தாலும் நிறுத்த இடமில்லை. ஆகவே வாங்கும் வண்டி எதுவாயினும், அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஜூலை மாத மழைக்கும் அதுவே ஈடுகொடுக்க வேண்டும்.

எங்கள் பழைய சிறிய காரின் பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிவடையும் தறுவாயில் இந்தத் தேடல் தொடங்கியது. இருபது ஆண்டுகளாக உள்ளுக்குள் வைத்திருந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள இதுவே கடைசி வாய்ப்பு என்று தோன்றியது. புதிய ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் வருவாய்க்கு எட்டாதது. பயன்படுத்திய ஒன்று எட்டக்கூடும். மார்ச்சில் தேடத் தொடங்கி அக்டோபரில் வாங்கினோம். இடைப்பட்ட மாதங்களில் கற்றுக்கொண்டவற்றை, இதே ஆசை உள்ள வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் ஒரு தாள், பிறகு சாவி

வண்டிகளைப் பார்க்கச் செல்லும் முன் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், தேவைகளை ஒரு தாளில் எழுதியதுதான். செம்பூரிலிருந்து பாந்த்ரா குர்லா வளாகத்துக்கு நாள்தோறும் போய்வர வேண்டும். தூரம் குறைவு, நெரிசல் அதிகம். மாதம் இருமுறை புனே செல்ல வேண்டும். வீட்டில் எங்கள் இருவரோடு எழுபத்தெட்டு வயது அம்மாவும் இருக்கிறார். குடியிருப்பின் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சாய்தளம் செங்குத்தானது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பகுதியிலும் தாதர் இந்துமாதா சந்திப்பிலும் தண்ணீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பது.

தாளின் கடைசி வரியை அம்மா எழுதச் சொன்னார்: "எனக்கு ஏறி இறங்க முடிந்தால் போதும். மற்றதெல்லாம் உங்கள் ஆசை." பின்னர் எங்கள் தேர்வை முடிவு செய்ததில் இந்த வரிக்குப் பெரும் பங்குண்டு.

வேகத்துக்கு அந்தத் தாளில் இடம் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மும்பை–புனே விரைவுச்சாலையின் சமவெளிப் பகுதியிலேயே கார்களுக்கான உச்ச வரம்பு மணிக்கு 100 கி.மீ.தான், மலைப்பாதையில் இன்னும் குறைவு. மணிக்கு 250 கி.மீ. செல்லும் வண்டியின் திறனில் பெரும்பகுதியை நம் நாட்டுச் சாலையில் சட்டப்படி பயன்படுத்தவே இயலாது. நாள்தோறும் அனுபவிக்கக் கிடைப்பவை வேறு: ஸ்டீயரிங்கின் துல்லியம், வளைவில் சாயாத உடல், மிதித்ததும் பிடிக்கும் பிரேக், முந்திச் செல்லும்போது தயங்காத எஞ்சின். மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் இவற்றை உணரலாம். எனவே குதிரைத்திறனுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

சந்தையில் கிடைக்கும் நான்கு வகைகள்

இந்தியாவில் பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் சந்தை சிறியது. அதில் கண்ணுக்குப்படும் வண்டிகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த கார்கள். 2009இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர் ஆகியவை இதில் அடங்கும். முதல் இரண்டுக்கும் மடங்கும் உலோகக் கூரை, பாக்ஸ்டருக்குத் துணிக்கூரை. நம் வெயிலிலும் மழையிலும் ஆண்டு முழுதும் ஓட்டுவோருக்கு உலோகக் கூரை சற்று நிம்மதி தரும். ஆனால் அது மடங்கும்போது பின்புறப் பெட்டியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதை இயக்கும் பொறியமைப்பு பழுதானால் செலவும் பெரிது. துணிக்கூரை வாங்குவோர் அதன் வடிகால் துளைகளை மழைக்கு முன் சுத்தம் செய்யத் தவறக் கூடாது. அவை அடைத்தால் நீர் தரைவிரிப்பின் அடியில் தேங்கி மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கும். பாக்ஸ்டரில் எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னும் பின்னும் இரண்டு சாமான் பெட்டிகள் உண்டு. அன்றாடப் பயன்பாட்டில் அது எதிர்பாராத வசதி.

இரண்டாம் வகை, பெயரளவில் பின்னிருக்கை உள்ள இருகதவுக் கார்கள். 2015இல் இங்கு வந்த மூன்றாம் தலைமுறை ஆடி டிடி 2 லிட்டர் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. ஈரச் சாலையில் அதன் பிடிப்பு நம்பிக்கை தரும். 2016இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்கு 5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். அதன் ஒலிக்காகவே அதை விரும்புவோர் உண்டு. நெரிசலில் அதன் அகலமும் பெட்ரோல் பசியும் நாள்தோறும் நினைவுக்கு வரும்.

மூன்றாம் வகை, சிறிய சீறும் கார்கள். மினி கூப்பர் எஸ், 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ, 2016இல் 99 மட்டுமே கொண்டுவரப்பட்ட ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ ஆகியவை இவ்வகை. நகருக்குள் இவற்றைப் போல் மகிழ்ச்சி தருபவை குறைவு. அபார்த் புன்டோவுக்கு ஐந்து கதவுகளும் உண்டு. ஆனால் ஃபியட் தன் கார் விற்பனையை இந்தியாவில் நிறுத்திவிட்டது. போலோ ஜிடிஐயோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதற்கே உரிய ஒரு பாகம் தேவைப்பட்டால் காத்திருக்கும் பொறுமை வேண்டும். ஒரே காரை நம்பியிருப்பவர்களுக்குப் பாகம் கிடைக்கும் நாள்கணக்கும் செலவுதான்.

நான்காம் வகை, சாதாரணக் குடும்பக் காரின் வலிமையான உடன்பிறப்பு. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017இல் 2 லிட்டர் டர்போ எஞ்சினும் 230 குதிரைத்திறனுமாக வந்தது. 2020இல் 245 குதிரைத்திறனுடன் 200 வண்டிகள் மட்டும் வந்தன. நான்கு பக்கக் கதவுகள், 590 லிட்டர் சாமான் இடம், தாராளமான பின்னிருக்கை. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்பாத தூயவாதிகள் உண்டு. அவர்களுடைய வீட்டில் இரண்டு நிறுத்துமிடங்கள் இருக்கக்கூடும்.

வேகத்தடை என்னும் தேர்வு

தாழ்வான காரை நினைத்ததும் எழும் முதல் அச்சம் வேகத்தடை. இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி அமைந்த வட்டவடிவ வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. அதன் வளைவின் ஆரம் ஏறத்தாழ 17 மீட்டர். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் உள்ள கார் அதன் மீது நடுவில் நிற்கும்போது, சக்கரங்களும் மேட்டின் மீதே நிற்கின்றன. ஆகவே காரின் வயிற்றை நோக்கி மேடு எழும்புவது வெறும் 5 சென்டிமீட்டர்தான். விதிப்படி அமைந்த வேகத்தடையில் 12 சென்டிமீட்டர் தரை இடைவெளி உள்ள காரும் உரசாமல் போய்விடும்.

தொல்லை தருபவை விதியை அறியாமல் போடப்பட்டவை. ஓரடி அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டப்பட்ட மேட்டில் சக்கரங்கள் தரையில் நிற்க, முழு 15 சென்டிமீட்டரும் வயிற்றின் கீழே நுழையும். எனவே விளம்பரத்தில் காணும் தரை இடைவெளி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சக்கர இடைத்தூரம் குறைவாக இருந்தால் மேட்டைக் கடப்பது எளிது. முன்புற நீட்சி குறைவாக இருந்தால் சாய்தளம் எளிது. நான்கு பேர் ஏறினால் எந்தக் காரும் சில சென்டிமீட்டர் தாழும்.

நாங்கள் கையாண்ட முறை எளியது. விற்பவரின் அனுமதியுடன், மூவரும் அமர்ந்தபடி, காரை எங்கள் குடியிருப்பின் சாய்தளத்துக்கே ஓட்டிவந்து பார்த்தோம். இரண்டு கார்கள் அங்கேயே தோற்றுப்போயின. ஒன்றின் முன் உதடு தரையில் உரசியது. மற்றொன்றில் அம்மா எங்கள் இருவரின் கைகளையும் பற்றிக்கொண்டும் இறங்க இயலவில்லை.

மழையும், மழை மறைத்ததும்

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் பதிவான 944 மில்லிமீட்டர் மழையை இந்நகரம் மறக்கவில்லை. தாழ்வான காருக்கு மழைநீரால் வரும் பெரிய ஆபத்து எஞ்சினுக்குள் நீர் புகுவது. காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் பம்பருக்குச் சற்று மேலே, தாழ்வாகவே இருக்கும். அதன் வழியே சிலிண்டருக்குள் நீர் சென்றால், காற்றைப் போல் நீர் சுருங்காது. மேலெழும் பிஸ்டன் தடைப்பட்டு இணைப்புத் தண்டு வளையும். அரை நிமிடத்தில் எஞ்சின் வீணாகும். நீரில் நின்றுவிட்ட காரை மீண்டும் இயக்க முயல்வதுதான் பெரும்பாலும் இந்தச் சேதத்தை முழுமையாக்குகிறது. சாவியைத் தொடாமல் இழுவை வண்டியை அழைப்பதே சரி.

சாதாரண விரிவான காப்பீடு இவ்வகை எஞ்சின் சேதத்தை ஏற்பதில்லை. அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீடு உண்டு. வண்டியின் வயது கூடினால் அதைத் தர நிறுவனங்கள் தயங்கலாம். ஆகவே காரை வாங்கிய பின் கேட்பதைவிட, விலை பேசும்போதே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

மழையின் இன்னொரு முகத்தை நாங்கள் ஆகஸ்டில் கண்டோம். இரண்டு இருக்கைகள் கொண்ட வெள்ளி நிறக் கார் ஒன்று. தயாரிப்பையும் விற்றவரையும் பெயரிடுவது முறையன்று. குறைந்த கிலோமீட்டர், மாசற்ற வண்ணம், சந்தையைவிட இரண்டு லட்சம் ரூபாய் குறைந்த விலை. அன்று மாலைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் தந்தால் வேறு யாருக்கும் காட்ட மாட்டோம் என்றார்கள். வீட்டில் பேசியபோது, பற்றாக்குறைக்குத் தம் நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்துத் தருவதாக அம்மா சொன்னார். தாம் அமர இயலாத காருக்கு அவர் அதைத் தர முன்வந்தது எங்களைச் சற்றே வெட்கப்பட வைத்தது. ஆனாலும் ஆசை வெட்கத்தைவிட வலிமையாக இருந்தது.

அதைத் தடுத்தவர், 2,500 ரூபாய் கட்டணத்துக்கு உடன்வந்த தனியார் மெக்கானிக். அவர் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. பின்புறப் பெட்டியின் விரிப்பைத் தூக்கி, அடிப்பள்ளத்தின் மூலையில் விரலைத் துடைத்துக் காட்டினார். மெல்லிய சேற்றுத்தூள். பிறகு இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் துரு. சீட்பெல்ட்டை முழுவதும் இழுத்தபோது அடிப்பகுதியில் நீர்க்கறை. முன்விளக்கினுள் வறண்ட நீர்க்கோடு. கதவுகளை மூடிக் குளிர்சாதனத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் அமரச் சொன்னார். வாசனைத் திரவியத்துக்கு அடியிலிருந்து ஈரத்தின் நாற்றம் மெல்ல எழுந்தது. வெள்ளத்தில் மூழ்கிய கார் அது. முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெற்றிருப்போமா என்பதை நினைக்கவே விரும்பவில்லை. அம்மாவின் வைப்புத்தொகை முதிர்வு வரை முறிக்கப்படவில்லை என்பதே அந்த ஆகஸ்டின் பெரிய லாபம்.

அன்றுமுதல் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். சோதனை முடியுமுன் முன்பணம் இல்லை. சோதிப்பவர் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. "இன்று மாலைக்குள்" என்று சொல்லப்படும் வண்டி எங்களுக்கானது அன்று.

டயரைப் பற்றியும் ஒரு சொல். கார் டயரின் பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் நீரின் மீது மிதக்கும் இயல்பு கூடுதலாக உடையது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மழைக்கு முன் மாற்றிவிடுவது விவேகம். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பள்ளம் ஆழமாகவும் ரப்பர் முதிர்ந்தும் இருப்பது வழக்கம். நான்கு சக்கரங்களிலும் ஒரே தயாரிப்பு டயர் இருந்தால் முந்தைய உரிமையாளர் செலவுக்கு அஞ்சாதவர் என ஓரளவு கணிக்கலாம்.

பெட்ரோலில் கலந்திருப்பது

நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025இல் எட்டப்பட்டது. ஏப்ரல் 2023க்குப் பின் தயாரான கார்களின் பாகங்கள் இக்கலவையைத் தாங்கும்படி அமைந்தவை. நாம் தேடும் பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 விழுக்காட்டுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்குசக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் எத்தனால் விரைவில் முதிரச் செய்யலாம். எனவே எரிபொருள் குழாய்களைச் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்; எரிபொருள் மூடியின் உட்புறத்தில் தயாரிப்பாளர் குறித்துள்ள ஆக்டேன் அளவையும் படிக்க வேண்டும்.

செலவையும் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 12,000 கி.மீ., லிட்டருக்கு 10 கி.மீ., லிட்டர் 104 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுச் செலவு 1,24,800 ரூபாய். நகர நெரிசலில் மைலேஜ் 8க்கு இறங்கினால் அதுவே 1,56,000 ரூபாய். உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கும் காராயின் இன்னும் கூடும்.

விலை வேறு, செலவு வேறு

பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் காரின் விற்பனை விலை தேய்ந்திருக்கும்; அதன் பாகங்களின் விலை தேயாது. 60 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 20 லட்சத்துக்குக் கிடைக்கலாம். அதன் பிரேக் தட்டும் டயரும் கியர்ப்பெட்டி எண்ணெயும் இன்றும் 60 லட்ச ரூபாய்க் காருக்குரியவையே. இதை மறந்து வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளில் நட்டத்துக்கு விற்பதால்தான் "மூன்றாம் உரிமையாளர்" வண்டிகள் இச்சந்தையில் இத்தனை உள்ளன.

எனவே எங்கள் மொத்த வரம்பில் ஐந்தில் ஒரு பங்கை விலையில் சேர்க்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினோம். முதல் ஆண்டின் டயர், பிரேக், எண்ணெய்கள், பேட்டரி ஆகியவற்றுக்கானது அது.

கடனுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக 12 லட்சம் ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். ஐந்து ஆண்டுத் தவணை எனில் மாதம் 26,693 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 4.02 லட்சம். மூன்று ஆண்டு எனில் மாதம் 39,857 ரூபாய். வட்டி ஏறத்தாழ 2.35 லட்சம். வேறுபாடு 1.67 லட்சம் ரூபாய். மாதத் தவணை சிறியதாகத் தெரிவதற்காகக் காலத்தை நீட்டினால், வண்டி தேய்வதைவிட மெதுவாகக் கடன் தேயும். இடையில் விற்க நேர்ந்தால் விற்ற தொகை கடனை அடைக்கப் போதாது போகலாம். பயன்படுத்திய கார்க் கடனில் வட்டி புதிய காரைவிடக் கூடுதலாகவே இருக்கும். வண்டியின் வயதும் கடன் காலமும் சேர்ந்து குறிப்பிட்ட ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்னும் விதியும் பல வங்கிகளில் உண்டு. விருப்பமான வண்டியைக் கண்டபின் கிளைக்குச் செல்வதைவிட, கண்டறியும் முன்பே சென்று எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று கேட்டுவிட்டால் பேரம் பேசுவதில் தெளிவு பிறக்கும்.

காப்பீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 3,416 ரூபாய். 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் காப்பீட்டு மதிப்பு உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. அதை மிகக் குறைத்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தினால், முழு இழப்பு நேரும் நாளில் அந்தச் சிக்கனம் வலிக்கும்.

கையொப்பமிடும் முன்

ஆவணங்களில் நாங்கள் சரிபார்த்தவை இவை.

பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் பதிவு, காப்பீடு, புகைச் சான்று, கடன் அடமானம், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். முன்னைய கடன் அடைந்திருந்தால், வங்கியின் சான்றும் படிவம் 35ம் பெற்று அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும்.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வெளிமாநில வண்டியாயின் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும் சாலை வரியும் உண்டு. டெல்லியிலிருந்து வரும் விலை குறைந்த வண்டிகள் பலரை ஈர்க்கின்றன. வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும்.

வணிகரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி பதிவு அலுவலகம் தந்த அங்கீகாரச் சான்று அவரிடம் உள்ளதா என்று கேளுங்கள்.

காப்பீட்டை 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரின் கோரிக்கையின்மைச் சலுகை அவரோடு போய்விடும், வாங்குபவருக்கு வராது. பழைய ஃபாஸ்டேகை விற்பவர் மூட வேண்டும். புதியதை நாம் பெற வேண்டும். தொகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. வங்கிப் பதிவு நாளை நமக்கே சான்றாகும்.

சர்வீஸ் வரலாற்றை முத்திரைகளாக எண்ணாமல் பட்டியலாகப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். 75,000 ஓடிய வண்டியில் அந்தப் பட்டியல் வரி இல்லையெனில், முந்தையவர் மிச்சப்படுத்தியதை நாம் செலவிட வேண்டியிருக்கும்.

நாங்கள் வாங்கியது

அக்டோபரில், மழை ஓய்ந்த வாரத்தில், புனேயில் ஓர் ஆக்டேவியா விஆர்எஸ் கண்டோம். 2018இல் பதிவானது, ஒரே உரிமையாளர். சர்வீஸ் பட்டியல்கள் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருந்தன. கியர்ப்பெட்டி எண்ணெய் மாற்றிய ரசீதும் இருந்தது. மெக்கானிக் விரிப்பைத் தூக்கி விரலைத் துடைத்தார். விரல் சுத்தமாக வந்தது. முன் பிரேக் தட்டுகள் தேய்ந்திருந்தன. அந்தத் தொகையை விலையில் குறைத்தார்கள். மூன்றாண்டுக் கடன் எடுத்தோம். ஒதுக்கிவைத்த சேமிப்பிலிருந்து முதல் மாதமே நான்கு டயர்களும் வந்தன.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். கூரை திறக்கும் இரண்டிருக்கைக் கார் ஒன்று சாலையில் கடந்து சென்றால் இன்றும் தலை திரும்பத்தான் செய்கிறது. ஆனால் காலையில் நெரிசலிலும், இரவில் லோணாவளா மலைப்பாதையின் வளைவுகளிலும் ஒரே வண்டி இரு வேறு முகம் காட்டுவதைக் காணும்போது, இழந்தது பெரிதன்று என்று தோன்றுகிறது.

அடுத்த ஜூனில் முதல் மழை கொட்டிய மாலை, அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று திரும்பினோம். காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் ஏறுவதாகச் செய்தி வந்ததால் கிழக்கு விரைவு நெடுஞ்சாலை வழியே சுற்றி வந்தோம். இருபது நிமிடம் கூடுதலாயிற்று. வீட்டு வாசலில் அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கினார். "இது நல்ல கார்" என்றார். 230 குதிரைத்திறன் பற்றி அவருக்குத் தெரியாது.